ஸ்கர்ட்டிங்: கழற்றி மாற்றுவதா, மேலே மூடுவதா, இருப்பதையே சீர்செய்வதா?

தரையை மாற்றும்போதோ சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போதோதான், சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங் பலருக்கும் கண்ணில் படும். பட்டவுடன் மரமா, எம்டிஎஃப்பா (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிவிசியா, டைல்ஸா என்று பேச்சு தொடங்கிவிடும். அதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். இருப்பதைக் கழற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு அறைக்குப் புதுப் பலகை பொருத்துவது ஒரு நாள் வேலை. பழையதை எடுக்கும்போது கூடவே பெயர்ந்து வரும் சுவர்ப்பூச்சைச் சரிசெய்து காயவிடுவது ஒன்றிரண்டு வாரத்தை விழுங்கிவிடும்.

ஸ்கர்ட்டிங்குக்கு மூன்று வேலைகள் உண்டு. சுவரும் தரையும் சேரும் கரடுமுரடான இடத்தை மறைக்கிறது. துடைப்பமும் நாற்காலிக் காலும் ஈரத்துணியும் நேராகச் சுவரில் படாமல் தடுக்கிறது. மரத்தரை, லேமினேட் தரை போன்றவை விரிந்து சுருங்க ஓரத்தில் விடும் 8 முதல் 12 மி.மீ. இடைவெளியை மூடுகிறது. இந்த மூன்றையும் இப்போதிருப்பது ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால், அழகுக்காக மட்டும் அதைப் பெயர்ப்பது அநேகமாக வீண் வேலை.

விட்டுவைத்துச் சீர்செய்வது

மரமாக இருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அடி விளிம்பைப் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் உளுத்திருக்கிறது அல்லது கரையான் உள்ளே இருக்கிறது. டைல்ஸ் என்றால் சாவியாலோ உளியின் கைப்பிடியாலோ தட்டினால் போதும். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ‘டொக்’ என்று வெற்றொலி வந்தால் பின்னால் சாந்தின் பிடிப்பு விட்டிருக்கிறது. ஓர் அறையில் இரண்டு மூன்று டைல் மட்டும் அப்படி ஒலித்தால், அவற்றை மட்டும் எடுத்து மறுபடி ஒட்டலாம்.

மரத்தில் கீறலும் ஆணித்துளையும் இருந்தால் மரப் பட்டி, 120 எண் உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட். அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்கவும் கூடாது, சூடுகாட்டி உரிக்கவும் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

பழைய தரைமேல் லேமினேட் போடுபவர்கள், ஸ்கர்ட்டிங்கைக் கழற்றாமல் அதன் அடியில் கால்வட்ட பீடிங் (முனையில் பார்த்தால் கால் வட்டமாகத் தெரியும் மெல்லிய பட்டை) அடித்து இடைவெளியை மறைப்பதுண்டு. வேகமான வழி. சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பார்த்தவுடன் ‘பின்னால் சேர்த்தது’ என்று தெரியும், பீடிங்கின் மேல் தூசி தேங்கும். பீடிங்கை ஸ்கர்ட்டிங்கில்தான் ஆணியடிக்க வேண்டும். தரையில் அடித்தால் தரை நகர முடியாமல் நடுவில் தூக்கிக்கொள்ளும். பலகை 8 மி.மீ., அடியில் விரிக்கும் ஷீட் 2 அல்லது 3 மி.மீ. என்று தரை 10, 11 மி.மீ. உயர்ந்துவிடுவதால் கதவின் அடியையும் சீவ வேண்டியிருக்கும்.

மேலே மூடுவது

பின்பக்கம் பள்ளமாகக் குடைந்த எம்டிஎஃப் அல்லது பிவிசி உறையைப் பழைய ஸ்கர்ட்டிங்கின்மேல் கவிழ்த்து ஒட்டுவது இரண்டாவது வழி. பழையதைப் பெயர்த்தால் பூச்சு மொத்தமாக வரும் என்று தெரிந்த வீட்டில் இது புத்திசாலித்தனமான தேர்வு. வாங்குமுன் இரண்டு அளவுகளைப் பாருங்கள். பழைய ஸ்கர்ட்டிங்கின் உயரமும் தடிமனும் உறையின் குடைவுக்குள் அடங்க வேண்டும் என்பது ஒன்று. கதவு நிலையைச் சுற்றியுள்ள சட்டம் சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது மற்றொன்று. உறை போட்டபின் ஸ்கர்ட்டிங் அந்தச் சட்டத்தைவிட வெளியே துருத்தினால், வெட்டுமுனை கதவருகே பல்லிளித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் அது மறையாது.

சுவரில் ஓதம் இருந்தால் மூடவே கூடாது. உறைக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, பழைய மரம் உளுத்து, கரையானுக்கு வழி திறந்துவிடும்.

கழற்றுவது

கழற்றியே ஆக வேண்டிய காரணங்கள் சில உண்டு: உளுத்த மரம், கரையான், வரிசையாக விட்டுப்போன டைல், அல்லது புதுத் தரைக்கு ஓர இடைவெளி தேவைப்படுவது. அப்போதும் சுவருக்கு நோகாமல் எடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

முதலில் மின்சாரம். பிளக் பாயின்டுக்கு நேர்கீழாகவும் நேர்மேலாகவும் ஒயர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னாலேயே ஓட்டியிருப்பார்கள். அந்த அறையின் மின்சுற்றை மெயினில் அணைத்துவிட்டே நெம்புகோலை எடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் போகும் சுவரென்றால் அதையும் குறித்துவையுங்கள்.

மரமென்றால், மேல் விளிம்பில் சுவரும் பலகையும் சேரும் கோட்டில் கூரான கத்தியால் இரண்டு மூன்று முறை கீறுங்கள். இதைச் செய்யாமல் நெம்பினால், பெயிண்ட் படலம் சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வரும். பிறகு அகலமான பட்டித் தகட்டை அந்தக் கீறலில் வைத்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். கொஞ்சம் வாய் திறந்ததும் நெம்புகோலை நுழைக்கலாம். நெம்புகோலின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே 10 × 15 செ.மீ. அளவில் ஒரு பிளைவுட் துண்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நெம்பும் பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கிப் பூச்சு நொறுங்கும். ஜிப்சம் பலகைச் சுவரென்றால் துளையே விழும். அங்கே உள்ளே சட்டம் இருக்கும் இடத்துக்கு நேராக மட்டுமே நெம்ப வேண்டும்.

ஒரே இடத்தில் முழுவதும் இழுக்காதீர்கள். விரலளவு விலகியதும் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டு 40, 50 செ.மீ. தள்ளிப் போங்கள். அறையின் உள்மூலையில் எந்தப் பலகை மற்றதன்மேல் வந்து முட்டுகிறதோ அதை முதலில் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் முனை உடையும். அக்கம்பக்கம் விலகியும் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றால், அங்கே பட்டிக்கு அடியில் ஸ்க்ரூ இருக்கும். சின்னக் காந்தத்தை மேலே நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். தரை போடுவதற்கு முன்பே அடித்த பலகையாக இருந்தால், அதன் அடி தரைக்குள் புதைந்து நிற்கும். அதை நெம்பினால் தரை ஓரம் பெயரும். அதிர்வு பிளேடு உள்ள மல்டி டூலால் தரை மட்டத்தில் அறுத்துவிடுவது நல்லது.

அதே பலகையைத் திரும்பப் போடுவதாக இருந்தால், பின்பக்கம் சுவரின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். ஆணிகளை முன்பக்கத்திலிருந்து தட்டி எடுக்காமல், பின்பக்கத்திலிருந்தே குறடால் இழுத்து வெளியே எடுங்கள். முன்முகம் சிதறாமல் இருக்கும்.

டைல் ஸ்கர்ட்டிங் வேறு சமாச்சாரம். சிமென்ட் சாந்தில் பதித்ததென்றால் பூச்சோடு சேர்ந்தே வரும் என்று எண்ணிக்கொண்டே தொடங்க வேண்டும். மேல் விளிம்பை ஒட்டி வைரப் பிளேடு போட்ட கிரைண்டரால் ஒரு கோடு அறுத்துவிட்டால், பெயரும் பகுதி அந்தக் கோட்டோடு நிற்கும். அதன்பின் தட்டையான உளியை மேலிருந்து சாய்வாக வைத்துத் தட்டுங்கள். நேராகக் குத்தினால் செங்கல்வரை போகும். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு, அறைக்கதவைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்துவிட்டே கிரைண்டரைத் தொட வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு மிகக் கெடுதல்.

பெயர்ந்த இடத்தைச் சாந்தால் நிரப்பினால், அதன் நிறம் பக்கத்துச் சுவரின் நிறத்தோடு சேரும்வரை மர, எம்டிஎஃப் பலகையை ஒட்டக் கூடாது. ஈரச் சாந்தின்மேல் ஒட்டிய எம்டிஎஃப்பின் அடி விளிம்பு சீக்கிரமே உப்பிவிடும்.

பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பழைய மர ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் பூச்சு பெரும்பாலும் தரைவரை வந்திருக்காது. 150 மி.மீ. பலகையை எடுத்துவிட்டு 100 மி.மீ. போட்டால், மேலே 50 மி.மீ. வெறும் செங்கல் தெரியும். புதியது பழையதற்குச் சமமாகவோ உயரமாகவோ இருப்பதே நல்லது.

எந்தப் பொருள்?

விலை ஏறுவதும் இறங்குவதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த அறையில் தரைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை வைத்தே முடிவெடுங்கள். துடைக்கும் துணியின் ஈரம் மட்டுமா, வாளியில் ஊற்றிக் கழுவுகிறீர்களா?

துடைப்பது மட்டும்தான் என்றால் ஈரம் தாங்கும் ரக எம்டிஎஃப்பைத்தான் முதலில் பரிந்துரைப்போம். சாதாரண ரகத்திலிருந்து பிரித்துக்காட்ட, பல தயாரிப்பாளர்கள் இதற்குப் பச்சைச் சாயல் கொடுத்திருப்பார்கள். முறுக்கிக்கொள்ளாது, முடிச்சு இருக்காது, பெயிண்ட் கண்ணாடிபோல் உட்காரும். 15 மி.மீ. தடிமன் போதுமானது, சுவரின் சிறிய நெளிவுக்கு அது வளைந்து கொடுக்கும், 18 மி.மீ. அவ்வளவு கொடுக்காது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: ‘ஈரம் தாங்கும்’ என்றால் தண்ணீரில் நிற்கும் என்று பொருளில்லை. வெட்டிய முனையும் அடி விளிம்பும் பஞ்சுபோல் நீரை இழுக்கும். பொருத்துமுன் அந்த முனைகளுக்கு இரண்டு கோட் பிரைமர் கொடுத்தே ஆக வேண்டும். அறுக்கும்போது எழும் தூசி மிக நுண்ணியது. வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு அறுங்கள்.

மரம் அடி தாங்கும், கீறினால் தேய்த்துச் சரிசெய்யலாம், தலைமுறை கடந்தும் நிற்கும். ஆனால் ரேகைக்குக் குறுக்கே காற்றின் ஈரத்துக்கேற்ப அசையும். 100 மி.மீ. உயரப் பலகை பருவத்துக்குப் பருவம் ஒரு மி.மீ. அளவுக்குச் சுருங்கி விரியலாம். அதனால் வாங்கியவுடன் அடிக்காமல், அதே அறையில் இரண்டு மூன்று நாளாவது படுக்கையாக அடுக்கி வையுங்கள். பைன் போன்ற மரத்தில் முடிச்சுகளிலிருந்து பிசின் கசிந்து வெள்ளைப் பெயிண்டில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். முடிச்சுமேல் முதலில் அரக்குக் கரைசல் பூசினால் அது நிற்கும். வார்னிஷில் ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே மரம் அதன் விலைக்குத் தகும். பெயிண்ட்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால் எம்டிஎஃப்பே மேல்.

பிவிசியும் அதன் உறவுக்காரரான மரத்தூள் கலந்த டபிள்யூபிசியும் தண்ணீருக்கு அஞ்சாது. கரையானுக்குப் பிவிசியில் தின்ன ஒன்றுமில்லை. வெப்பம்தான் இதன் எதிரி. 3 மீட்டர் நீளப் பிவிசி, 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 3 முதல் 5 மி.மீ.வரை நீளும். வெயில் நேராக விழும் சுவரில், இரு மூலைக்கும் இறுக்கமாக முட்டவைத்து ஒட்டினால் நடுவில் வில்லாக வளைந்து சுவரை விட்டு வரும். மூலைக்கு 2, 3 மி.மீ. விட்டு, அதற்கென வரும் மூலைத் துண்டால் மூடினால் பிரச்சினை இல்லை.

கழுவும் தரைக்கு டைலோ கல்லோதான். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 75 முதல் 100 மி.மீ. உயரம், தரை டைலிலிருந்தே வெட்டினால் கோடும் நிறமும் பொருந்தும். தரைக்கும் ஸ்கர்ட்டிங் டைலுக்கும் நடுவே 2, 3 மி.மீ. விட்டு, அந்தக் கோட்டைச் சிமென்ட் கிரவுட்டுக்குப் பதில் வளையும் சீலன்டால் நிரப்புங்கள். தரையும் சுவரும் தனித்தனியே அசைவதால் அங்கே கிரவுட் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே இறங்கும். மாற்ற முடிவெடுத்தால் இடிக்கத்தான் வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே இதைப் போட வேண்டும். அலுமினியம் மெலிதாக, நவீனமாக இருக்கும். ஆனால் நெளிந்த சுவரில் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும்.

பசையா, ஸ்க்ரூவா?

பசையின் பிடிப்பு, அது ஒட்டியிருக்கும் மேற்பரப்பின் பிடிப்பைத் தாண்டாது. கையால் தேய்த்தால் மாவாக ஒட்டும் டிஸ்டெம்பர் சுவரில் எவ்வளவு உயர்ந்த பசையும் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். அத்தகைய சுவரை ஸ்கர்ட்டிங் உயரத்துக்குச் சுரண்டிப் பிரைமர் அடித்த பின்பே பசை. சமமான, கெட்டியான சுவரில் பசை மட்டுமே போதும். 300 மி.லி. குழாயில் 6 மி.மீ. தடிமனில் இழுத்தால் சுமார் 10 மீட்டர் கோடு வரும். வளைத்து வளைத்து இடும்போது ஏழு மீட்டர் பலகைக்குத்தான் காணும்.

நெளிந்த சுவரில் பசை காயும்வரை பலகையைப் பிடித்துவைக்க ஆளில்லை, அங்கே ஸ்க்ரூதான். பலகை 15, பூச்சு 15, செங்கல்லுக்குள் 30 என்று கூட்டினால் 60 மி.மீ. நீளம் வேண்டும். 6 மி.மீ. துளை, அதற்கேற்ற பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த்துளையில் செருகும் குழல்), 60 செ.மீ.க்கு ஒன்று, மூலையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். பூச்சு மட்டும் பிடித்த பிளக் சில மாதங்களில் ஆடும். தலை உள்ளே அமிழக் குடைந்து, பட்டியை ஒரு மயிரளவு மேடாகவே நிரப்புங்கள்; காய்ந்து சுருங்கியபின் தேய்த்தால் சமமாகும். பின்னாளில் கழற்ற நேர்ந்தால், பசை போட்ட பலகை சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும், ஸ்க்ரூ போட்டதில் சேதம் பிளக் துளைகளோடு நின்றுவிடும். வாடகை வீட்டில் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வேகமாக அடிக்கும் 18 கேஜ் ஆணித் துப்பாக்கி மரச்சட்டச் சுவருக்கு அருமை. செங்கல், கான்கிரீட்டில் ஆணி வளைந்துவிடும்.

மூலைகள்

வேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது மூலையில்தான் தெரியும். வீட்டுச் சுவர்கள் துல்லியமாக 90 டிகிரியில் சந்திப்பது அரிது.

உள்மூலையில் இரண்டு பலகையையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பதே எளிது என்று தோன்றும். முதல் வறண்ட பருவத்திலேயே அந்த இணைப்பு வாய்திறக்கும். அதற்குப் பதில் முதல் பலகையை நேராக வெட்டி மூலையில் முட்டவிடுங்கள். இரண்டாவதை 45 டிகிரியில் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பலகையின் முன்முக வடிவம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் கருமையாக்கி, மெல்லிய வளைவு ரம்பத்தைச் சற்றுப் பின்பக்கமாகச் சாய்த்து, கோட்டையொட்டி அறுங்கள். இப்போது அந்த முனை முதல் பலகையின் முகத்தில் அச்சாகப் பொருந்தும். பின்னாளில் சுருங்கினாலும் கண்ணுக்குப் படுவது மயிரிழைதான். பூ வேலை இல்லாத தட்டைப் பலகைக்கு இதெல்லாம் தேவையில்லை, நேர்முட்டு போதும்.

வெளிமூலைக்குச் சாய்வெட்டு தவிர வழியில்லை. கோணத்தை ஊகிக்க வேண்டாம். தரையில் காகித டேப் ஒட்டி, ஒரு பலகைத் துண்டை ஒரு சுவரோடு சேர்த்துவைத்து, அதன் வெளிமுகத்தை ஒட்டிக் கோடு போடுங்கள். அடுத்த சுவரிலும் அப்படியே. இரு கோடும் வெட்டும் புள்ளியையும் சுவரின் மூலையையும் இணைத்தால் கிடைப்பதுதான் உங்கள் வெட்டுக் கோணம். சுவர் 92 டிகிரி என்றால் வெட்டு 46 ஆகும். அந்த ஒரு டிகிரியை விட்டால் 15 மி.மீ. பலகையிலும் பிளவு கண்ணில் படும்.

எவ்வளவு வாங்குவது?

3.6 × 4.2 மீட்டர் அறைக்குச் சுற்றளவு 15.6. கதவுக்கு 0.9 கழித்தால் 14.7, வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 16.2 மீட்டர். 2.4 மீட்டர் பலகையில் ஏழு என்று கணக்கு சொல்லும். எட்டு வாங்குங்கள், ஏனென்றால் சாய்வெட்டு ஒன்று தவறினால் அந்தத் துண்டு அந்தச் சுவருக்கு உதவாது. நீளப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, சுவரின் நடுவில் இணைப்பே வராது. இணைப்பு தவிர்க்க முடியாதென்றால் நேராக முட்டவைக்காமல், இரு முனையையும் 45 டிகிரி சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டிப் பசையிட்டு, அந்த இடத்திலேயே ஒரு ஸ்க்ரூ விழுமாறு பாருங்கள்.

பெயிண்டில் பெரும்பகுதியைப் பொருத்துமுன்பே முடித்துவிடலாம்; கடைசிக் கோட் மட்டும் சுவரில் வைத்த பின். மேல் விளிம்பின் இடுக்குக்கு அக்ரிலிக் சீலன்ட் போடுங்கள். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. லேமினேட், மரத்தரை உள்ள அறையில் அடி விளிம்பைத் தரையோடு ஒட்டிவிடாதீர்கள். அங்கே தரை நகர வழி வேண்டும். தரை மேடுபள்ளமாக இருந்து பலகைக்கு அடியில் இடைவெளி தெரிந்தால், பென்சிலை ஒரு சின்னக் கட்டைமேல் படுக்கவைத்துத் தரையோடு இழுத்துப் பலகையில் கோடு போட்டு, அந்தக் கோட்டுவரை இழைத்து எடுங்கள். பலகை தரையின் நெளிவிலேயே உட்கார்ந்துவிடும்.